இடுப்பில் ஒரு விளாம்பழம்

"இதுன்னா சட்டைக்குள்ள இருக்கறதே தெரியாது சீதா, தட்டையா, சோப்புக்கட்டியாட்டம்..."

"தெரியறதும் தெரியாததும் இருக்கட்டுமுங்க, நான் கேக்கறது..."

"முழுசாக் கேளு மொதல்ல, அர்பாப் என்ன சொன்னார்னா..."

"அர்பாப் சொன்னதையே எத்தன தரமுங்க கேக்கறது? உள்ள குண்டு இருக்குதா இல்லியான்னு வெளிய இருந்து பாத்தாத் தெரியுதுங்களா அதுல? அத மட்டும் சொல்லுங்கோ."

கோபாலசாமி மறுபடியும் மேஜையைப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில், வழக்கமாகச் சாதப் பாத்திரம் வைக்கிற இடத்தில், ஒரு ஈரோட்டுத் துண்டை விரித்து அதன் மேல் இரண்டு துப்பாக்கிகளையும் வைத்திருந்தார். ஒன்று ரிவால்வர். கட்டையான குழல், மரப்பிடி, நடுவில் உருளை. இன்னொன்று பிஸ்டல். கறுப்பாக, தட்டையாக, பார்த்தால் ஏதோ ரேடியோவின் உதிரிப்பாகம் போல இருந்தது. இரண்டுக்கும் வேண்டிய குண்டுகள் ஒரு சுருக்குப் பையில் தனியாக இருந்தன. துபாயில், தேராப் பகுதியில் ஒரு நகைக்கடையில் கணக்குப் பார்க்கிற மனிதரின் வீட்டுக்கு அன்று சாயங்காலம் இவையெல்லாம் ஒரு டிபன் பையில் வந்து சேர்ந்திருந்தன.

விஷயம் இதுதான். வாரத்தில் இரண்டு நாள் கடையின் தங்கத்தை எடுத்துக்கொண்டு படகில் கால்வாயைத் தாண்டி பர்துபாய் பாங்கில் கொண்டுபோய் வைப்பது கோபாலசாமியின் வேலை. வந்த நாளாக அதை ஒரு மஞ்சப்பையில்தான் கொண்டுபோனார். கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியில் சேலை எடுத்தபோது கொடுத்த பை. அடியில் தங்கம், மேலே கொத்தமல்லித் தழை, சில நாள் முருங்கைக்காய். தழை வைக்கிற யோசனை சீதாலட்சுமியுடையது. படகில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "தழை எங்க வாங்குனீங்க, வாடாம இருக்குதே" என்று கேட்டிருக்கிறார்களே தவிர வேறு எதையும் கேட்டதில்லை. ஆனால் போன மாதம் வேறொரு கடையின் ஆளைப் படகுத்துறையில் தள்ளிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அதிலிருந்து கடை முதலாளியான அர்பாபுக்குத் தூக்கம் போய்விட்டது. போலீசில் சொல்லி அனுமதிக் காகிதம் வாங்கினார். தன் மேஜை இழுப்பறையிலிருந்து இந்த இரண்டையும் எடுத்து கோபாலசாமியின் முன்னால் வைத்தார். பிடித்த ஒன்றை வைத்துக்கொள், மற்றதைச் சனிக்கிழமை திருப்பிக் கொடு, ஆனால் வெளியே ஒருத்தன் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்றார். வேண்டாமென்றாலும் பரவாயில்லை, பையை வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் கோபாலசாமியைக் குத்தியது. பீளமேட்டில் மில்லில் இருந்தபோது தினமும் சாயங்காலம் கேட்டில் டிபன் தூக்கைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். ஒரு நூல்கண்டுகூட எடுத்தவரில்லை, ஆனாலும் திறந்து காட்டினார். இங்கே அர்பாப் தங்கத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "யல்லா, கோபால்" என்று கிளம்பச் சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்கிற ஆள். மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைப் படியில் இறங்கும்போது அவருடைய முதுகு நிமிர்ந்திருப்பதை சீதாலட்சுமி பால்கனியிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அந்தப் பை அவர் கையை விட்டுப் போகக் கூடாது, அது அவளுக்கும் தெரியும். போகிறவர் போனபடியே திரும்பி வரவும் வேண்டும், அவளுக்கு அது அதைவிட முக்கியம்.

"செரி, எந்திரிச்சு நடந்து காட்டுங்க" என்றாள்.

"நடக்கறதா?"

"பின்ன, அதைய இடுப்புல வெச்சுட்டு நடக்கப் போறவரு நீங்கதானுங்க."

முதலில் ரிவால்வரை வலப்பக்கம் செருகி, புஷ்ஷர்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு சமையலறையிலிருந்து பால்கனி வரை நடந்தார். உருளை இருக்கும் இடத்தில் சட்டை உருண்டு நின்றது.

"வெளாம்பழத்தத் திருடிட்டு வர்ற மாதிரி இருக்குதுங்க."

"அதத்தான நானும் சொல்றேன். இப்பப் பாரு." ரிவால்வரை வைத்துவிட்டு பிஸ்டலைச் செருகிக்கொண்டார். நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. சட்டை சட்டையாகவே இருந்தது. ஆனால் நாற்காலியைத் தாண்டியதும் அவருடைய கை இடுப்பைத் தொட்டது. பால்கனிக் கதவருகே மறுபடியும் தொட்டது. திரும்பி வரும்போது இன்னொரு முறை.

சீதாலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பல்லு வலிக்காரன் கன்னத்தத் தொட்டுப் பாக்கற மாதிரி எதுக்குங்க தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?"

"தொடலியே."

"தொட்டீங்க."

"இருக்குதான்னு பாத்தேன்."

"அதாஞ் சொல்றனுங்க. அது வெளிய தெரியல. உங்க மூஞ்சீல தெரியுது."

கோபாலசாமிக்குச் சிரிப்பும் வந்தது, ரோசமும் வந்தது. கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடி முன்னால் போய் நின்று, இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவிக் கண்ணாடிக்குள் இருந்த கோபாலசாமியைக் குறி பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அஸ்மத் பீவியின் சமையலறை. கீழக்கரைக்காரி, புருஷன் சூக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறான். அவள் இடிகல்லில் எதையோ இடிக்கும் சத்தம் சுவர் வழியாக டொக் டொக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது. பிடியிலிருந்து குண்டு அடுக்கிய மேகசினைக் கடையிலேயே உருவி வைத்துவிட்டதால் கோபாலசாமி தைரியமாக விசையை அழுத்தினார். அது அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார்.

"பாத்தியா? காலியா இருந்தா அசையவே அசையாது. எவ்வளவு நேக்கா செஞ்சிருக்கறான் பாரு."

"என்னமோ போங்க. எனக்குக் கண்ணுல பாத்தாத்தான் நம்பிக்கை" என்று சொல்லிவிட்டு சீதாலட்சுமி தோசைக்கல்லைப் போடப் போனாள். சண்டை அத்தோடு ஆறியது, தீரவில்லை. தோசை வேகும் வாசனைக்கு முன்னால் கோபாலசாமியின் எந்தச் சண்டையும் நின்றதில்லை.

மறுநாள் ஆயுத பூஜை. அந்த வருஷம் அது வெள்ளிக்கிழமையிலேயே வந்துவிட்டதால் கடைக்கு லீவு கேட்கவேண்டி இருக்கவில்லை. காலையில் குளித்துவிட்டு, பூவும் வாழையிலையும் வாங்கப் பர்துபாய் கோயில் பக்கம் படகேறிப் போய்விட்டார் கோபாலசாமி. பம்பாய் விமானத்தில் வரும் மல்லிகை அங்கேதான் கிடைக்கும். சீதாலட்சுமி தனியாக இருந்து சந்தனம் அரைத்தாள். ஷெல்ஃபிலிருந்து சரஸ்வதி படத்தை இறக்கித் துடைத்து வைத்து, அதன் முன்னால் அவர் பேனாக்களை வைத்தாள், பழைய டைப்ரைட்டரை வைத்தாள், தையல் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தோசைத்திருப்பி, ஸ்டவ் திருகும் ஸ்பேனர். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தபோது மேஜையில் துண்டு போர்த்திக் கிடந்தவை கண்ணில் பட்டன.

அவற்றை அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காத ஒறம்பரை வீடு தேடி வந்தாலும் நெற்றிக்குத் திண்ணீறு கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் அவள் பிறந்த வீட்டில் இல்லை. அதுவும் நாளைக்கு இதில் ஒன்று அவரோடு படகேறப் போகிறது. பொட்டு இல்லாமல் எப்படி அனுப்புவது? ரிவால்வரின் மரப்பிடியில் ஒரு பொட்டு வைத்தாள். உருளை மேல் வைக்க இடம் போதவில்லை. பிஸ்டல் தட்டையாக, இரண்டு பக்கமும் பலகை போல வாகாக இருந்தது. ஐயன் கோயில் வேலுக்குப் பூசுகிற மாதிரி விரல் நிறையச் சந்தனத்தை எடுத்து இரண்டு பக்கமும் வழித்துப் பூசினாள். மேலே ஓடிய கோட்டுக்குள்ளும் சந்தனம் போயிற்று. பக்கவாட்டில் இருந்த சின்னக் கொக்கி ஒன்றின் மேல் குங்குமம் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது பார்க்க.

பூவோடு வந்த கோபாலசாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதுக்குமா சீதா?"

"ஆயுத பூஜைன்னு பின்ன எதுக்குங்க பேரு வெச்சாங்க? அருவாமனைக்கா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வாழையிலையை விரித்தார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பொரியும் கடலையும் படைத்து விழுந்து கும்பிட்டார்கள். ஏ.சி. காற்றில் சூடத்தின் புகை கலைந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் நாகலிங்கம் வந்தார். மானாமதுரைக்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று இப்போது துறைமுகத்தில் செக்யூரிட்டியில் இருக்கிறார். குடும்பம் ஊரில். அதனால் நோம்பி, பண்டிகை நாளில் எந்த வீட்டில் சுண்டல் என்று விசாரித்து வைத்துக்கொள்வார். அஸ்மத் பீவியும் வந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சமையலறை வாசலில் கீழே உட்கார்ந்து, சாமிக்குப் படைக்கும் முன்பே அவளுக்கென்று சீதாலட்சுமி தனியாக எடுத்து வைத்திருந்த சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வருஷா வருஷம் அப்படித்தான். இவளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"என்ன சாமி, சரஸ்வதிக்கு எதிர்ல பெரிய ஆயுதக் கிடங்கே போட்டிருக்கீங்க?" நாகலிங்கத்தின் கண்கள் பிரகாசமாயின. விஷயத்தைக் கேட்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுல என்ன யோசனை? பிஸ்டல்தான். ரிவால்வரெல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை சமாச்சாரம். ஆறு போட்டா அம்புட்டுத்தான், அப்பறம் ஒண்ணு ஒண்ணா எடுத்துச் சொருகிக்கிட்டு நிக்கணும். இதுன்னா உள்ள எட்டு. எடுக்கவும் லேசு, மறைக்கவும் லேசு."

"எட்டு தரம் சுடுற மாதிரி வந்தா இவரு சுட மாட்டாருங்கண்ணா. சலாம் சொல்லீட்டுப் பையக் குடுத்துப் போடுவாரு" என்றாள் சீதாலட்சுமி.

"ஒரு தரம்கூட வேணாம் தங்கச்சி. உருவிக் காட்டுனாப் போதும். இந்தா பாருங்க." கையை நீட்டினார்.

"அண்ணா, பூஜையில வெச்சதுங்க. நாளைக்கிக் காத்தால மறுபூஜை போட்டுத்தான் எடுக்கோணும்."

"சிப்பாய்க்கு ஏது தங்கச்சி அந்தக் கட்டு? பட்டாளத்துல பூஜை முடிஞ்ச கையோட தோள்ல மாட்டிக்கிட்டு டூட்டிக்குப் போயிருவோம்." பிஸ்டலை எடுத்துக் குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். குங்குமம் வைத்த கொக்கியைக் கட்டைவிரலால் கீழே தள்ளினார். பிறகு மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். வரவில்லை. முகம் சிவக்க இழுத்தார். சந்தனம் கோட்டுக்குள் இறங்கிச் சிமெண்டுபோலக் காய்ந்திருந்தது.

"அடப் பாவமே. என்ன தங்கச்சி, இதைப் பூசி மெழுகிட்டீங்க?"

அஸ்மத் பீவி முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அக்கா, எங்க மச்சானுக்கும் கொஞ்சம் பூசி விடுங்களேன். வாய அசைக்க முடியாமப் போவட்டும்."

"கொஞ்சம் எண்ணெய் குடுங்க" என்றார் நாகலிங்கம், சிரிக்காமல். பிஸ்டலின் மானம் தன் மானம் ஆகிவிட்டது அவருக்கு. விளக்குக்கு ஊற்றிய நல்லெண்ணெயிலிருந்து ஒரு கரண்டி கொண்டுவந்து சீதாலட்சுமி கோட்டின் மேல் சொட்டவிட்டாள். அவர் தேய்த்தார், தட்டினார், மறுபடியும் இழுத்தார். கர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு மேல்பாகம் பின்னால் போயிற்று. உள்ளேயிருந்து ஏதோ துள்ளிச் சுவர்க் காலண்டரில் பட்டுத் தெறித்து, அஸ்மத் பீவியின் சுண்டல் தட்டில் டிங்கென்று விழுந்தது.

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். கொண்டைக்கடலைக்கும் தேங்காய்ப் பல்லுக்கும் நடுவில் பித்தளை நிறத்தில் ஒரு குண்டு கிடந்தது. நுனியில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"இது என்னக்கா?" என்றாள் அஸ்மத் பீவி.

நாகலிங்கம் மெல்லக் குனிந்து அதை எடுத்தார். "உள்ள ஒண்ணு தங்கியிருந்திருக்கு. மேகசினை உருவிட்டா மட்டும் காலின்னு ஆயிடாது சாமி. ஏற்கெனவே குழல்ல ஏறுனது அங்கனயேதான் கெடக்கும். நல்லவேளை, சேஃப்டி போட்டிருந்துச்சு, இந்தக் கொக்கி. இல்லேன்னா விசைய லேசாத் தொட்டாலும்..." நிறுத்திக்கொண்டார். "நீங்க தொட்டிருக்க மாட்டீங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே."

கோபாலசாமி கண்ணாடியைப் பார்த்தார். சீதாலட்சுமியும் பார்த்தாள். கண்ணாடிக்குள் அவர்கள் இரண்டு பேரும், பின்னால் விளக்கும், சமையலறை வாசலில் உட்கார்ந்திருக்கிற அஸ்மத் பீவியின் முதுகும் தெரிந்தன. அந்த இடிகல்லின் சத்தம், டொக் டொக்கென்று, அப்போது யாரும் இடிக்காமலே சீதாலட்சுமிக்குக் கேட்டது. எழுந்துபோய் அஸ்மத் பீவியின் தட்டை வாங்கிக்கொண்டு வேறு தட்டில் புதிதாகச் சுண்டல் போட்டாள். போதாதென்று டப்பாவில் இருந்த மிச்சத்தையும் அப்படியே கொண்டுவந்து அவள் மடியருகே வைத்தாள்.

"இம்புட்டையும் நான் என்னக்கா செய்யப் போறேன்?"

"வெச்சுக்கோ கண்ணு. நாளைக்குத் தின்னு."

"அண்ணா, அந்த இன்னொண்ணத் தொறந்து காட்டுங்க" என்று கோபாலசாமி நாகலிங்கத்திடம் சொன்னார். 

நாகலிங்கம் மனசில்லாமல் ரிவால்வரை எடுத்து உருளையைப் பக்கவாட்டில் தள்ளித் திறந்தார். "இந்தா, பாத்துக்கங்க. இதுல பாக்க என்ன இருக்கு."

சீதாலட்சுமி கிட்டே வந்து குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஆறு ஓட்டைகள். ஒவ்வொன்றின் அந்தப் பக்கத்திலும் சரஸ்வதிக்கு ஏற்றிய விளக்கு சின்னதாக எரிந்துகொண்டிருந்தது.  நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று சொல்லலாம். சொல்லவில்லை. நிமிர்ந்தபோது கோபாலசாமி பிஸ்டலைத் துண்டில் சுற்றி டிபன் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் மறுபூஜை முடிந்ததும் முதல் வேலையாகத் தையல் மிஷினை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனாள் சீதாலட்சுமி. முந்தின நாள் பூஜையில் வைத்துவிட்டதால் தொடமுடியவில்லை. அவருடைய நாலு புஷ்ஷர்ட்டுகளின் பக்கத் தையலையும் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியைத் தளர்த்திவிட்டு மறுபடியும் ஓட்டினாள். வலப்பக்கம் மட்டும் தளர்த்தினால் கோணலாகத் தெரியும் என்று இரண்டு பக்கமும் தளர்த்தினாள். கோபாலசாமி சாமி ஷெல்ஃபுக்கு எதிரில் முதுகைக் காட்டிக்கொண்டு என்னமோ செய்துகொண்டிருந்தார். கும்பிடுகிறார் என்று நினைத்தாள்.

ரிவால்வரைச் செருகி, சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டினார். விளாம்பழம் இருந்த இடத்தில் இப்போது மொத்தமாகவே கொஞ்சம் உப்பலாக இருந்தது. துபாய்க்கு வந்து நாலைந்து வருஷம் உட்கார்ந்து சாப்பிட்ட எந்த ஆளுக்கும் இருக்கிற அதே உப்பல்.

"தொப்பை" என்றாள்.

"எனக்கா? மில்லுல எல்லாரும் என்னைய நூல்கண்டுன்னு கூப்புடுவாங்க."

"இங்க யாருக்குங்க அது தெரியும்?" காலரைச் சரிசெய்தாள். "குண்டெல்லாம் போட்டாச்சுங்களா?"

"அதது அதது எடத்துல பத்தரமா இருக்குது." குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வழக்கத்தைவிட அதிக நேரம் குனிந்திருந்த மாதிரி இருந்தது. ஒரு கையில் டிபன் பையும் மறு கையில் காலியான மஞ்சப்பையுமாக, "வரட்டுமா" என்று இறங்கிப் போனார்.

அவள் கூடத்தைப் பெருக்கினாள். காய்ந்த பூக்களை எடுக்கலாமென்று சாமி ஷெல்ஃபைத் திறந்தபோது, குங்குமச் செப்புக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலையின் மேல் அவை நின்றுகொண்டிருந்தன. ஆறு குண்டுகள், வரிசையாக, நட்டுவைத்த மாதிரி. நாகலிங்கம் எடுத்துக் கொடுத்த அந்த ஏழாவது, கொஞ்சம் வேறு மாதிரியானது, தனியாக ஓரத்தில். எல்லாவற்றின் தலையிலும் சந்தனப் பொட்டு. பெரிய விரலால் வைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது, பாதி வழிந்திருந்தது. அவர் இடுப்பில் போனது காலி ரிவால்வர் என்று சீதாலட்சுமிக்குப் புரிந்தது. பிறகு ஒன்றை மட்டும் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. கால்வாய்த் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. கடைக்குப் போய்விட்டுத் திரும்பும் அவர் அப்போதுதான் படகுத்துறைக்கு வந்துகொண்டிருந்தார். மஞ்சப்பை இப்போது கனமாகத் தொங்கியது. கொத்தமல்லித் தழை மேலே எட்டிப் பார்த்தது. படியில் இறங்கினார். ஒரு பட்டாணியர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்கு சலாம் சொல்லிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கை இடுப்புக்குப் போகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். போகவில்லை. அது தழையைக் காற்றில் பறக்காமல் அமுக்கிப் பிடித்திருந்தது. படகு கரையிலிருந்து நகர்ந்து டப டபவென்று நடுத்தண்ணீருக்குப் போயிற்று. அவர் முதுகு எப்போதும்போல நிமிர்ந்திருந்தது.

பக்கத்துப் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அஸ்மத் பீவியும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு அந்தப் படகையே பார்த்தாள்.

"சீதாக்கா, அண்ணன் கொஞ்சம் சதை போட்டுட்டாருல்ல?"